பேத்தையை நீக்கிய இருவர்

நோயாளியின் முன்னால் நிற்கும்போது டொக்டர் உதயரூபனுக்குத் தடுமாற்றமே வராது. ஊசி போடுவதா, வாட்டில் கிடத்துவதா, வீட்டுக்கு அனுப்புவதா, எல்லாம் மளமளவென்று நடக்கும். ஆஸ்பத்திரிக் கேற்றைத் தாண்டிவிட்டால் ஆள் வேறு. கல்லடியில் இருக்கும் வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று மனைவியிடம் கேட்பான், மாமனாரிடம் கேட்பான், கடைசியில் பெயின்ற் விற்கிறவனிடமும் கேட்பான். எல்லோருடைய மனமும் கோணக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அடித்ததில், வீடு இப்போது ஒருத்தருக்கும் பிடிக்காத நிறத்தில் நிற்கிறது.

இப்படிப்பட்டவனைத் தேடிப் பிடித்துத்தான் கொழும்பிலிருந்து ஒரு வேலை கொடுத்தார்கள். வேலை இதுதான்: யாரையும் கேட்காமல் முடிவு சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கணினிகளில் ஒவ்வொரு நோய்க்கும் நாடு முழுக்க ஒரே பெயர் இருக்க வேண்டும் என்று ஒரு திட்டம். ஆளுக்கொரு பெயர் எழுதினால் எந்த ஊரில் என்ன நோய் பரவுகிறது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டியல். அதில் புதுப்பெயர் சேர்ப்பதையும் பழையதை நீக்குவதையும் கணினிக்காரரிடம் மட்டும் விட்டால் விபரீதமாகிவிடும் என்று பயந்து, நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற டொக்டர்மாரையும் அதற்குள் இழுத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். டொக்டர்மாரை இழுத்தாலும் விபரீதமாகலாம் என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை.

ஒவ்வொரு பெயரையும் இரண்டு டொக்டர்மார் தனித்தனியாகப் பார்ப்பார்கள். வைத்திருப்பதா, இன்னொரு பெயரோடு சேர்த்துவிடுவதா என்று பதில் அனுப்புவார்கள். இருவரும் ஒன்றையே சொன்னால் காரியம் முடிந்தது. வேறுவேறாகச் சொன்னால் கொழும்பில் குழு கூடி, இருவரையும் வைத்துப் பேசும். பதில் அனுப்பும் முன் ஒருவரோடொருவர் கலந்து பேசக்கூடாது என்பது கண்டிப்பான விதி.

மட்டக்களப்புப் பக்கத்துக்கு நியமித்த இரண்டு பேரில் ஒருவன் உதயரூபன். மற்றவர் அவனுக்கு வைத்தியம் படிப்பித்த நிபுணர், காத்தான்குடி டொக்டர் றபீக்கா. இருவருக்கும் வேலை ஒரே ஆஸ்பத்திரியில்தான். அவர் மேல்மாடி வாட்டில், இவன் கீழே அவசர சிகிச்சைப் பிரிவில். மதியத்தில் ஒரே மேசையில் இருந்து சோறு தின்பார்கள். ஆனாலும் விதியை மீறவில்லை. எந்தப் பெயருக்கு என்ன பதில் அனுப்புவது என்று ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்று மதியத்துக்குச் சற்று முன் சிற்றுண்டிச்சாலையில் பிளேன்ரீயை வாயில் வைத்த நேரம் உதயரூபனின் போனுக்குக் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. "பேத்தை மீன் நஞ்சு" என்ற பெயர் நீக்கப்பட்டு, "மீன் நஞ்சு" என்ற பொதுப்பெயரோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பரிசீலித்த இருவரும் ஒத்த கருத்து. இன்றிலிருந்து நடைமுறை. ஒத்துழைப்புக்கு நன்றி.

அவன் ரீயைக் கீழே வைத்தான்.

பேத்தையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். வாவியிலும் கடலிலும் கிடக்கும் மீன்தான். தொட்டால் வயிற்றை ஊதிக்கொண்டு பந்துபோல் ஆகும். கல்லடிக் கரையில் சின்ன வயதில் உதயரூபனும் கூட்டாளிகளும் அதைக் காலால் உதைத்து விளையாடியிருக்கிறார்கள். வலையில் வந்தால் மீன்காரர் திட்டிக்கொண்டே எறிவார்கள். அதைத் தின்றவனுக்கு முதலில் உதடு விறைக்கும், பிறகு கை கால் சோரும், கடைசியில் நெஞ்சு மூச்சை இழுக்க மறுக்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சுவிட வைத்துக்கொண்டு காவல் இருந்தால் நஞ்சு தானாக இறங்கி ஆள் பிழைக்கும். காவல் இல்லாவிட்டால் போய்ச் சேர வேண்டியதுதான்.

கணினியில் அந்தப் பெயரைத் தொட்டால் மேலே சிவப்பில் ஒரு பட்டி வரும்: வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், மூச்சைக் கவனிக்கவும். வெறும் "மீன் நஞ்சு" என்றால் அது வராது. ஒவ்வாமைக் குளிசை கொடு, கொஞ்சம் இருத்திப் பார், அனுப்பிவிடு என்று சாதுவாகச் சொல்லும். பழுதான சூரை தின்று உடம்பெல்லாம் தடித்து வருகிறவனுக்கு அது போதும்.

இவ்வளவும் உதயரூபனுக்குத் தெரியும். பெயர் இருக்கத்தான் வேண்டும் என்பதே அவனுடைய எண்ணம். பிறகு ஏன் சேர்த்துவிடச் சொன்னான் என்று கேட்டால், அங்கேதான் அவனுடைய வீட்டுச் சுவர்ப் புத்தி வேலை செய்தது. றபீக்கா மெடம் என்ன சொல்லுவார் என்று யோசித்தான். வாட்டில் சுற்றி வரும்போதெல்லாம் மெடம் சொல்லுவது ஒன்றுதான்: "பேருக்குப் பின்னால ஓடாதீங்க, ஆளப் பாருங்க." அப்படியென்றால் மெடம் சேர்க்கத்தான் சொல்லுவார். இவன் வைத்திருக்கச் சொன்னால் விஷயம் குழுவுக்குப் போகும். கொழும்புப் பேராசிரியர்மாருக்கு முன்னால், படிப்பித்தவரை மறுத்து இவன் வாய் திறக்க வேண்டும். அந்த நினைப்பிலேயே அவனுக்கு வேர்த்தது. சேர்க்கலாம் என்று அனுப்பிவிட்டான்.

இப்போது மெடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். தான் கணித்தது சரி என்று சந்தோஷப்பட வேண்டியவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏனென்று விளங்கவில்லை. மாற்றம் உண்மையாகவே நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று பார்ப்போம் என்று எழுந்து அவசரப் பிரிவுக்குப் போனான்.

அங்கே கணினிக்கு முன்னால் டொக்டர் கஜானி இருந்தாள். வவுனியாப் பிள்ளை, வேலைக்கு வந்து அதிக நாளாகவில்லை. குளத்து மீனைத் தவிர வேறு மீன் அறியாதவள். ஆனால் வேலையில் கவனமான பெண்.

"மீன் எண்டு ஒருக்கா அடிச்சுப் பாருங்க" என்றான்.

"காலமை அடிச்சனான் சேர். ஒரு பேர்தான் வருது. முந்தி ரெண்டு வந்தமாதிரிக் கிடந்தது."

"காலமை அடிச்சீங்களா? ஏன்?"

"விடியவே ஒரு அம்மா வந்தவா. மீன் சாப்பிட்டு ஒரே சத்தி, வயித்தில ஒண்டும் நிக்கேல்ல எண்டவா. உதடு விறைக்குது எண்டும் சொன்னவா. ஒவ்வாமைக்கும் அப்பிடி வரும்தானே? என்ன மீன் எண்டு கேட்டன், மணலை எண்டு மனுசன் சொன்னவர். குளிசை குடுத்து, இருத்திப் பாத்திட்டு வீட்ட அனுப்பிட்டன். கணினி சொன்னபடிதான் எல்லாம் செய்தனான், சேர்."

உதயரூபன் அவளுடைய முகத்தையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தான். பழையபடி இரண்டு பெயர் வந்திருந்தால் இந்தப் பிள்ளை ஒரு கணமாவது நின்றிருக்கும். பேத்தை என்றால் என்ன என்று யாரையாவது கேட்டிருக்கும். அந்த ஒரு கணத்தைத்தான் அவன் வீட்டில் சாய்ந்திருந்து, ஒரு விரலால் தட்டி நீக்கியிருந்தான்.

"ஊர் எது?"

"குருக்கள்மடம். பேர் அன்னப்பூரணி."

பதிவில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தான். நீண்ட நேரம் அடித்த பிறகு ஓர் ஆண்குரல் வந்தது. அன்னப்பூரணியின் கணவன், நல்லரத்தினம்.

"ஆஸ்பத்திரியில இருந்து டொக்டர் பேசுறன். அம்மா எப்பிடி இருக்கா?"

"படுத்துக் கிடக்கா ஐயா. கால் சொல்லுக் கேக்குதில்ல எண்டு சொல்றா. நீங்க தந்த குளிசையிட குணமாக்கும் எண்டு நானும் விட்டுட்டன்."

"என்ன மீன் திண்ட நீங்க?"

"மணலைதான்."

"பேத்தை இல்லையே?"

மறுபக்கத்தில் குரல் கோபமாக வந்தது. "என்ன ஐயா கதைக்கிறீங்க? வாவியில பொறந்து வலை வீசுற சனம் பேத்தை திங்குமா? கேட்டா ஊர் சிரிக்கும்."

அவனுக்கு மறுபடியும் குழம்பியது. மனிதர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மீன்காரன் வீட்டில் பேத்தைக் கறி காய்ச்சுவார்களா? அப்படியில்லையென்றால் இது என்ன? பாரிசவாதமா? வயல் வட்டைக்குள் நடந்து போகையில் பாம்பு ஏதும் தீண்டியதா? ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் இப்போது எதிரே இருப்பது நோயாளி என்பதால் அவனுடைய வாய் தானாக வேலை செய்தது.

"அண்ணன், என்ன மீனாவது இருக்கட்டும். அம்புலன்ஸ் அனுப்புறன். அது வாறவரைக்கும் அவட பக்கத்தில இருந்து மூச்சப் பாருங்க. நிண்டுதெண்டா வாயால ஊதுங்க. விளங்குதா? நீங்களும் கூட வாங்க."

அம்புலன்ஸுக்குச் சொல்லி, மேலே றபீக்காவுக்கும் அறிவித்து, மூச்சு இயந்திரம் ஒன்றை ஆயத்தமாக வைக்கச் சொன்னான். பிறகு வாசலில் போய் நின்றான். கல்முனை ரோட்டில் பஸ்கள் ஹோன் அடித்துக்கொண்டு போயின. கஜானி பின்னால் வந்து நின்று, "நான் அனுப்பியிருக்கக் கூடாது, என்ன சேர்?" என்று கேட்டாள்.

"நீங்க இல்ல" என்றான். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்னப்பூரணியை இறக்கியபோது கைகள் தள்ளுகட்டிலின் இரு பக்கமும் தொங்கின. கண் இமை பாதிதான் திறந்தது. நெஞ்சு ஏறுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட கட்டுமஸ்தான பெண். காலையில் தன் காலால் நடந்து வந்து, வரிசையில் நின்று, நர்ஸ் மிஸியிடம் பகிடி விட்டுப் போனவள் என்று கஜானி பிறகு சொன்னாள். உதயரூபன் அவளுக்குத் தொண்டைக்குள் குழாய் வைத்து இயந்திரத்தோடு பொருத்தினான். நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கிய பிறகுதான் கட்டிலை விட்டு விலகினான்.

றபீக்கா இறங்கி வந்தார். நோயாளியைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். பாம்புக்கடி இல்லை. ஒருபக்கம் மட்டும் விழுந்த பாரிசவாதமும் இல்லை. பிறகு, சுவரோரம் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நல்லரத்தினத்திடம் போனார்.

"அண்ணன், நான் காத்தான்குடி. எனக்கும் மீன் தெரியும். மணலை திண்டு ஒருத்தருக்கும் இப்பிடிக் கை கால் விழுந்ததில்ல. உங்களப் பாத்து இஞ்ச ஒருத்தரும் சிரிக்கமாட்டம். உண்மையச் சொன்னாத்தான் எங்களுக்கும் மனசு ஆறும்."

மனிதர் அழத் தொடங்கிவிட்டார். வாவியில் கொஞ்ச நாளாகவே ஒன்றும் படவில்லையாம். அன்றும் வலையை இழுத்தால் பேத்தையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"வெறுங்கையோட போனா அவ ஒண்டும் சொல்லமாட்டா டொக்டர். ஒரு சொல்லுச் சொல்லமாட்டா. அதுதான் எனக்கு ஏலாது. தோல உரிச்சு, தலைய வெட்டி, குடல எடுத்துக் கரையில எறிஞ்சு போட்டன். கவனமாச் செய்தா தின்னலாம் எண்டு ஆரோ சொல்லிக் கேட்ட ஞாபகம்."

"அப்ப நஞ்சு எங்கால வந்திச்சு?"

"சினைய எறியல்ல."

"ஏன்?"

"அது கிடந்தாத்தான் என்ன மீன் எண்டு அவளுக்கு விளங்கும். அவளும் மீன்காரன்ட மகள்தானே. கண்டோடன தூக்கி எறிஞ்சிருவா எண்டு நினைச்சன். பேத்தைதான் கொண்டந்திருக்கன் எண்டு வாயால சொல்ல வெக்கமாக் கிடந்திச்சு."

உதயரூபனும் றபீக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவியிடம் சொல்ல வேண்டியதை மீன் சினையிடம் சொல்லி அனுப்பிய மனிதரைத் திட்டுவதா, பாவம் பார்ப்பதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

"நீங்க தின்னல்லியா?" என்று உதயரூபன் கேட்டான்.

"கறி கொஞ்சம் திண்டன். எனக்கும் உதடு விறைச்சதுதான். வெத்திலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சு எண்டு நினைச்சன்."

அவரையும் பிடித்துப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். "எனக்கு ஒண்டுமில்ல ஐயா, அவளப் பாருங்க" என்று புலம்பிக்கொண்டே கிடந்தார். அவருக்கு அதற்கு மேல் நஞ்சு ஏறவில்லை.

அன்னப்பூரணியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். றபீக்கா அவளுடைய காதருகில் குனிந்து, "அம்மா, உங்களுக்குக் கை கால்தான் ஏலாம இரிக்கி, காது கேக்கும். மிசின் உங்களுக்காக மூச்சு விடுது. நஞ்சு இறங்கினா எல்லாம் திரும்பி வரும். பயப்படாதீங்க" என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்தவர், தான் சொன்னதைத் தானே மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கவேண்டியிருக்கிறது. ஏனென்றால் அடுத்து நடந்த பேச்சு நோயாளியின் தலைமாட்டில் நடக்கிற பேச்சே இல்லை.

"ரூபன், காலையில இவ வந்த நேரம் சிவப்புப் பட்டி வரல்லியா?"

"பேரே இல்லையே மெடம். இண்டையில இருந்து நீக்கியாச்சு. நாமதானே..."

"ஓ" என்றார் றபீக்கா. முகம் மாறிப்போனது. "நீங்க வைக்கச் சொல்லல்லியா?"

"நான் சேர்க்கச் சொன்னன்."

"என்னத்துக்கு?"

"நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்க எண்டு நினைச்சன், மெடம். பேருக்குப் பின்னால ஓடாதீங்க எண்டு நீங்கதானே எப்பவும் சொல்ற."

றபீக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பேரக் கேட்டு எழுதினதே நான்தான், தம்பி. நீங்க இஞ்ச வாறதுக்கு முந்தி. பேத்தை திண்ட ஏறாவூர் ஆள் ஒருத்தர் வீட்டுக்குப் போய் மூச்சு நிண்டு மவுத்தாப் போனாரு. அதுக்குப் பிறகு நான் கொழும்போட சண்டை புடிச்சு அந்தப் பட்டியச் சேர்க்க வெச்சன்."

உதயரூபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப நீங்க ஏன் மெடம் சேர்க்கச் சொன்னீங்க?"

"நீங்கதானே சோறு திங்கக்குள்ள ஒவ்வொரு நாளும் சொல்ற, பட்டியல் நீளம், ஆள் சத்தி எடுக்க எடுக்க நாங்க பேர் தேடிக்கிட்டு இரிக்கம் எண்டு. கீழ நிண்டு வேலை செய்றவன் நீங்க. நான் மேல வாட்டுல இரிக்கிற ஆள். என்ட பழைய பேர விடமாட்டன் எண்டு நிண்டா, கிழவி புடிச்சுக்கிட்டு இரிக்கிறா எண்டு நினைப்பீங்க எண்டு வெக்கப்பட்டுப் போய்ச் சேர்க்கச் சொன்னன்."

விதியை அவர்கள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார்கள், கலந்து பேசவில்லை. ஆனால் ஒருவர்கூடத் தன்னுடைய பதிலை அனுப்பவில்லை. அவன் அவருடைய பதிலை அனுப்பினான், அவர் இவனுடைய பதிலை அனுப்பினார். அதுவும் இரண்டும் பிழையான பதில். கொழும்புக்காரர் ஒத்த கருத்து என்று நன்றி வேறு சொல்லிவிட்டார்கள். உதயரூபனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சுவருக்கு அசிங்கமான நிறம் அடித்தால் பார்க்கச் சகிக்காது, அவ்வளவுதான். இங்கே ஒரு பெண் சாகக் கிடக்கிறாள்.

உடனே கொழும்புக்குப் போன் எடுத்தான். ஒருங்கிணைக்கும் பெண் மரியாதையாகப் பேசினாள். ஆனால் அவளுக்குச் சுத்தமாக விளங்கவில்லை.

"நீங்கள் சேர்க்கலாம் என்று அனுப்பியிருக்கிறீர்களே டொக்டர்."

"ஓம். ஆனா அது நான் நினைச்சது இல்ல."

"அப்போது மற்ற டொக்டர் நினைத்ததா?"

"அவவும் அப்பிடி நினைக்கல்ல."

"பிறகு யார் நினைத்தது?"

பிறகு அவளே ஒரு வழியைச் சொன்னாள். இருவரும் ஒத்துக்கொண்டதை எடுத்த எடுப்பில் மாற்ற முடியாது. பெயரை மீண்டும் சேர்க்கச் சொல்லிப் புதிதாகக் கேட்கலாம். நடந்ததை எழுதினால் சிவப்புப் பட்டியைத் தற்காலிகமாகப் பொதுப்பெயரின்மேல் போட்டுவிடுவார்கள். பிறகு பழையபடி இருவரும் தனித்தனியாகப் பதில் அனுப்ப வேண்டும். "இந்த முறை காரணத்தையும் எழுதுங்கள், டொக்டர்" என்றாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். இவனுக்குத்தான் முகத்தில் அடித்தமாதிரி இருந்தது.

பிறகு கீழே போய்க் கஜானியிடம் எல்லாவற்றையும் சொன்னான். பெயரை எடுத்தது தான்தான் என்று சொன்னான். அவள் நம்பவே இல்லை. தன்னைத் தேற்றுவதற்குச் சேர் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "நன்றி சேர்" என்று கண்ணைத் துடைத்தாள். உண்மையைச் சொல்லியும் பொய்யனாக வேண்டியிருந்தது அவனுக்கு.

மறுநாள் காலை அன்னப்பூரணியின் விரல் அசைந்தது. பிறகு கை தூக்கினாள். பகலானபோது தானாகவே மூச்சுவிட்டாள். குழாயை எடுத்ததும் நல்லரத்தினத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் இருத்தினார்கள். அவருடைய உதட்டு விறைப்பு முதல்நாளே போய்விட்டது. மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி இருந்தார்.

"ஏன் சினைய எறியல்ல, புள்ள? கண்டா உனக்குத் தெரியாதா?"

அன்னப்பூரணிக்குக் குரல் கரகரவென்றுதான் வந்தது. "தெரிஞ்சிதான். பேத்தை எண்டு சட்டியில போடக்குள்ளயே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா திண்ட நீ?"

"தோலும் இல்ல, தலையும் இல்ல, குடலும் இல்ல. இவ்வளவும் எடுத்த மனிசன் சினைய மட்டும் விட்டிருக்காரெண்டா, தின்னக்கூடியது எண்டுதானே விட்டிருப்பாரு? எறிய வேண்டியதெண்டா நீங்களே எறிஞ்சிருப்பீங்க. எனக்குச் சினை விருப்பம் எண்டு பாத்துக் கொண்டந்திருக்காரே எண்டு, சந்தோசத்தில ஒண்டும் கேக்கல்ல."

நல்லரத்தினம் அவளுடைய பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். அவள் கையை மெல்ல எடுத்து அவருடைய தலையில் வைத்தாள். "விடுங்க. ருசியாத்தான் கிடந்திச்சு" என்றாள்.

கட்டிலின் மறுபக்கம் நின்ற உதயரூபனுக்கு அந்த இடத்தை விட்டுப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கிறமாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நன்றாக எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகிறவர் கையில் நோய் என்னவென்று எழுதிய கார்ட் ஒன்று கொடுப்பது வழக்கம். அடுத்தமுறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைத்தான் பார்ப்பார்கள். உதயரூபன் கணினியில் அடித்தான். "மீன் நஞ்சு" என்றுதான் வந்தது. மேலே சிவப்புப் பட்டி வந்திருந்தது, சொன்னபடி போட்டுவிட்டிருந்தார்கள். பேத்தை மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கான புதுக் கேள்வி காலையிலேயே அவனுடைய போனுக்கு வந்து கிடந்தது. வைத்திருப்பதா, சேர்ப்பதா? மெடத்துக்கும் வந்திருக்கும்.

கார்ட்டைக் கையால் எழுதிக் கொடுக்கலாமா? பட்டியலில் இல்லாத பெயரை எழுதலாமா? கணினியில் ஒன்று, கார்ட்டில் வேறொன்று என்றால் இன்னொருவன் குழம்பமாட்டானா? பேனையை எடுத்தவன் அப்படியே நின்றான். வாட்டின் மறுமுனையில் றபீக்கா யாரோ ஒருவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதயரூபனுடைய கண் தன் பாட்டில் அந்தப் பக்கம் போனது.

"டொக்டர்" என்றாள் அன்னப்பூரணி. சேலையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, பையும் கையுமாகப் புறப்பட நின்றவள். "அந்த அம்மாவ ஏன் பாக்குறீங்க?"

"சும்மா."

"சும்மா இல்ல. நான் கண்ணத் திறக்க ஏலாமக் கிடக்கக்குள்ள நீங்க ரெண்டு பேரும் என்ட தலைமாட்டில கதைச்சதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தன். சிரிப்பு வந்திச்சு, சிரிக்க ஏலாமப் போச்சு. எங்கட வீட்டுச் சட்டியிலயும் அதுதான் நடந்திச்சு. நான் அவரப் பாத்தன், அவரு என்னப் பாத்தாரு, மீன ஒருத்தரும் பாக்கல்ல." அவள் கையை நீட்டினாள். "இதில நீங்க கண்டத எழுதித் தாங்க."

நல்லரத்தினம் பின்னால் நின்று, "சும்மா இரு புள்ள, டொக்டரோட என்ன கதை" என்று முணுமுணுத்தார்.

உதயரூபன் "பேத்தை" என்று பெரிதாக எழுதி, கீழே கையெழுத்து வைத்துக் கொடுத்தான். அவள் அதை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். இருவரும் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். வாசலைத் தாண்டும்போதே, பின்னேரத்துக்கு என்ன கறி காய்ச்சுவது என்று அவள் கேட்பதும், எதுவென்றாலும் பரவாயில்லை என்று அவர் சொல்வதும், "அந்தக் கதை வேணாம், ஒண்டச் சொல்லுங்க" என்று அவள் அதட்டுவதும் கேட்டது.

அவன் போனை எடுத்தான். வைத்திருக்கவும் என்பதைத் தொட்டான். காரணம் என்ற இடத்தில், வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண்ணின் மூச்சு நின்றுபோகப் பார்த்ததை நான் கண்டேன் என்று எழுதினான். அனுப்பினான்.

நிமிர்ந்தபோது றபீக்காவும் அங்கே தன்னுடைய போனில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். சேர்க்கச் சொல்கிறாரா, வைத்திருக்கச் சொல்கிறாரா, இல்லை அவனுக்குத் தோன்றாத வேறெதையாவது எழுதுகிறாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவேண்டும்போல் நாக்கு நமைத்தது. கேட்காமலே அடுத்த கட்டிலுக்குப் போனான்.